நம்ம வளாக சுற்றுச்சூழல் மன்றம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் சுருக்கமா முடிக்கச் சொல்லிட்டாரு, அதனால மரக்கன்னு நட்டது, போட்டோ எடுத்தது எல்லாம் விட்டுடறேன், நட்டதுல எது உயிரோட இருக்குன்னு வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டுக்கோங்க.

இந்த வருஷம் உருப்படியா நடந்தது டீக்கடை டம்ளர்தான். பேப்பர் கப்பு மக்கிடும்னுதான் பாதிப் பேர் நினைச்சிட்டிருக்கோம், ஆனா டீ ஊறி ஒழுகாம இருக்க உள்ள பிளாஸ்டிக் பூசியிருப்பாங்க, 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ண லிஸ்ட்லயே அந்தக் கப்பும் இருக்கு. இதையெல்லாம் எழுதி நோட்டீஸ் ஒட்டினோம், ஒருத்தரும் கண்டுக்கல. சரின்னு டீ மாஸ்டர்கிட்டயே போனோம், "டம்ளர் குடுத்தா கழுவ ஆள் யாரு தம்பி, நீ வந்து கழுவுவியா"ன்னாரு. நியாயமான கேள்விதான். கடை வாசல்லயே ஒரு குழாய் இழுத்து, குடிச்சவங்களே கழுவிக் கவுத்து வைக்க கம்பி ஸ்டாண்ட் போட்டு, எவர்சில்வர் டம்ளர் வாங்கிக் குடுத்தோம், கப்பு வேணும்னா வாயத் திறந்து கேட்கணும்னு ஆக்கினோம், அவ்ளோதான், கேக்கக் கூச்சப்பட்டே முக்காவாசிப் பேர் டம்ளருக்கு வந்துட்டாங்க. என்ன, டம்ளர்தான் காணாம போயிட்டே இருக்கு. ஹாஸ்டல் ரூம்ல பிரஷ் போட்டு வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு திருப்பிக் கொண்டுவந்து வெச்சிடுங்க.

மெஸ்ல சாதக் கரண்டியச் சின்னதா மாத்தச் சொன்னோம், பத்தலன்னா திரும்ப வாங்கிக்கலாம். முதல் வாரம் சண்டை, இப்ப யாரும் பேசறதில்ல, மிச்சம் எடுக்க வர்ற பன்னிப்பண்ணைக்காரர் மட்டும் கோவமா இருக்காரு.

கரண்ட் விஷயத்துல பெருசா ஒன்னும் நடக்கல. லேப்ல ஏசிய 18-ல வெச்சிட்டு ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கிறது அப்படியேதான் இருக்கு, 24-ல வெச்சா போதும், ஒரு டிகிரி ஏத்தினாலே சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் வெச்ச பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட் பக்கம்தான், புது பிளாக்குக்கு அதையே வாங்கச் சொல்லி மனு குடுத்திருக்கோம், பதில் வரல. அசைன்மென்ட்ட ரெண்டு பக்கமும் பிரின்ட் எடுக்கலாம்னு சில டிபார்ட்மென்ட்ல மட்டும் ஒத்துக்கிட்டாங்க.

காஞ்ச இலையக் கொளுத்தறது நிக்கல, குழி வெட்டி மக்க வைக்க இடம் கேட்டிருக்கோம். அடுத்த மார்ச்சுக்குள்ள, ஃபைனல் இயர் பசங்க காலி பண்ணும்போது தூக்கிப் போடற பக்கெட்டு, பாய், மெத்தை, ரெக்கார்டு நோட்டுல மிச்சமிருக்கிற வெள்ளத்தாள் எல்லாம் வாங்கி வைக்க ஒரு ரூம் வேணும். வரவு செலவப் பொருளாளர் இப்ப வாசிப்பாங்க, டம்ளர் செலவப் பாத்து யாரும் சிரிக்காதீங்க.