பாட்டோடு இரண்டு வரியும் எழுதுங்க

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பாட்டு ரசிகர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் குழுவில் பாட்டின் லிங்கை மட்டும் போட்டால் யாரும் திறந்து கேட்பதில்லை. அந்தப் பாட்டில் எது பிடித்தது என்று சொல்லுங்க. பல்லவி முடிந்து வரும் வயலினா, சரணத்தில் குரல் ஏறும் இடமா? டைப் பண்ணச் சிரமமென்றால் வாய்ஸ் மெசேஜ் போதும்.

"இதெல்லாம் ஒரு பாட்டா" என்ற பதில் மட்டும் வேண்டாம். அப்படி ஒன்று வந்தபின், அழகாக எழுதிவந்த ஒரு தங்கை பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அது பெரிய வருத்தம்.

எம்.எஸ்.விஸ்வநாதன் 1928இல் பிறந்த எலப்புள்ளி நமக்குப் பக்கம்தான். யேசுதாஸுக்குக் கற்றுத்தந்த செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காட்டுக்காரர். கச்சேரி, சினிமா, மலையாளம், தமிழ் எதுவும் இங்கே அந்நியமில்லை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, வீட்டில் உங்களுக்கு மட்டுமே பிடித்த ஒரு பாட்டைப் போடுங்க.