உச்சரிப்பு கேட்டால் என்னுடையதைக் கொடு

அன்புள்ள கதிர்,

டாக்சி ஓட்டுநர் வேடம் வந்திருக்கிறது, நடிகர் தேர்வில் "இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாகப் பேசுங்கள்" என்றார்கள், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். அம்மா உடனே வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் வரவில்லை.

என் ஆங்கில உச்சரிப்பில் எனக்கு வெட்கம் கிடையாது. அதை வைத்துத்தான் வேலை பார்த்தேன், மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டினேன், உன் ஆசிரியர்களிடம் உனக்காக வாதாடினேன். யாரும் சிரித்ததில்லை. ஆனால் உன்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பது 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவின் குரலாக இருக்கும். அபு நல்ல மனிதர்தான். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், குடும்பஸ்தர். இத்தனையும் இருந்தும் ஜனங்கள் மனதில் நின்றது அந்தக் குரல் மட்டும். 1990 முதல் அதைக் கொடுத்துவந்த ஹாங்க் அசேரியா இந்தியர் இல்லை. 2020இல் விட்டுவிட்டார். அதற்குள் எத்தனையோ இந்தியப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் அதே குரலில் கேலி வாங்கியிருந்தார்கள்.

என்னை இதைவிட அதிகம் உறுத்துவது இன்னொன்று. ஆங்கிலப் படங்களில் ஆசிய ஆண் சண்டை போடுவான், கணக்குப் போடுவான், சதி செய்வான். அவனை ஒருத்தி காதலிக்கமாட்டாள்.

தொடக்கத்தில் அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1915இல் செசு ஹயகாவா என்ற ஜப்பானிய நடிகர் 'தி சீட்' படத்தில் வில்லனாக வந்தார். கதாநாயகியின் தோளில் சூடுபோடும் அளவுக்குக் கொடூரமான வேடம். அதைப் பார்த்து வெள்ளைக்காரப் பெண்கள் அவர்மேல் பைத்தியமானார்கள்! 1918இல் சொந்தமாகப் படக் கம்பெனியே தொடங்கிவிட்டார். ரசிகர்களுக்கு ஆசிய முகம் பிடிக்காது என்று இன்றைக்கும் தயாரிப்பாளர்கள் யாராவது சொன்னால், இவரை நினைத்துக்கொள்.

அப்புறம் ஹாலிவுட் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் ஹேஸ் விதிகள் வந்தன. 1934இலிருந்து கண்டிப்பாக அமலாயின. வெள்ளையர் கறுப்பர் கலப்புக் காதல் கூடாது என்றுதான் எழுத்தில் இருந்தது. நடைமுறையில் ஆசியர்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். 1937இல் வந்த 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. கணவன் வேடம் பால் முனி என்ற வெள்ளையருக்குப் போனது. கணவன் வெள்ளையர் என்றான பிறகு, பேர்பெற்ற சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங் மனைவியாக முடியுமா? லூயிஸ் ரைனர் என்ற வெள்ளைக்கார நடிகை சீனப் பெண்போல ஒப்பனை போட்டு நடித்து ஆஸ்கரும் வாங்கினார்.

விதிகள் 1968இல் ஒழிந்தன, பழக்கம் ஒழியவில்லை. 'ஷார்ட் சர்க்யூட்' (1986) படத்தில் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளையர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்திய விஞ்ஞானி ஆனார். 2000இல் 'ரோமியோ மஸ்ட் டை'யில் ஜெட் லீ படம் முழுக்க எலும்பை முறித்தார். கடைசியில் கதாநாயகியிடம் அவருக்குக் கிடைத்தது ஓர் அணைப்பு, அவ்வளவுதான். நம் ஊர் ஹீரோவாக இருந்தால் முதல் சண்டை முடிந்ததுமே வெளிநாட்டில் டூயட் பாடியிருப்பார். 'பிக் பேங் தியரி' நகைச்சுவைத் தொடரில் வரும் இந்தியன் ராஜ் வானியற்பியல் படித்தவன், ஆனால் குடிக்காமல் பெண்களிடம் பேச வாய் வராது. அந்த ஒரே நகைச்சுவையைப் பல வருடம் ஓட்டினார்கள். (நம் படங்களில் வட்டிக்கடைச் சேட்டும் கூர்க்காவும் எப்படிப் பேசுவார்கள் என்று நீ கேட்கலாம். கேள், நியாயம்தான்.)

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக 1930களில் நடித்த வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். அவருடைய மூத்த மகனாக நடித்த கீ லூக் நிஜச் சீனர். போலி அப்பா திக்கித் திக்கிப் பழமொழி சொல்ல, நிஜ மகன் சாதாரண அமெரிக்கப் பையனைப் போலப் பேசுவார். கீ லூக்கை நான் குறை சொல்லமாட்டேன். கிடைத்த வேடத்தில் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார். வீட்டு வாடகைக்காக நீயும் டாக்சி ஓட்டுநராக நடித்தால் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் கதையை வாங்கி முழுசாகப் படி. அந்த ஓட்டுநருக்குப் பெயர் இருக்கிறதா? வண்டியை விட்டு இறங்கினால் அவனுக்குப் போக ஓர் இடம் உண்டா? 'வாக்கிங் டெட்' தொடரில் கொரிய அமெரிக்க நடிகர் ஸ்டீவன் யூன் பீட்சா கொண்டுபோகும் பையனாகத்தான் 2010இல் வந்தார். எழுதியவர்கள் அவனுக்குத் துணிச்சலும் கொடுத்தார்கள், மேகி என்ற காதலியையும் கொடுத்தார்கள். 2021இல் வெவ்வேறு படங்களுக்காக யூனும் பிரிட்டிஷ் பாகிஸ்தானிய நடிகர் ரிஸ் அகமதும் ஒரே வருடத்தில் சிறந்த நடிகர் ஆஸ்கர் பரிந்துரையில் நின்றார்கள். பீட்சாவோ டாக்சியோ எனக்கு ஒன்றுதான்.

உச்சரிப்பு கட்டாயம் என்றால் என்னுடையதைப் பேசிக் காட்டு. நான் கோபத்தில் பேசுவதும் உனக்கு அத்துப்படி, உன் அம்மாவைச் சமாதானப்படுத்தும்போது பேசுவதும் அத்துப்படி. இன்னும் இந்தியத்தனம் வேண்டும் என்று அதற்குமேலும் கேட்டால், எந்த ஊர் இந்தியன் என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டு எனக்கு போன் செய்.

அப்பா