தற்காலிகக் கேப்: நிற்கவும் வேண்டும், கழலவும் வேண்டும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பல்லுக்குக் கேப் (பல்லை மூடும் உறை) போட வருகிறவர்களுக்கு முதல் நாள் ஊசி போட்டு, பல்லைச் சீவி, அச்செடுத்து, கடைசியில், நிரந்தரக் கேப் லேபில் தயாராகி வரும்வரை ஒரு தற்காலிகக் கேப்பை ஒட்டி அனுப்புகிறோம். பாதி முகம் மரத்திருக்கும் நேரத்தில் நாங்கள் சொல்வது யாருக்கும் முழுதாகக் காதில் ஏறுவதில்லை. மறுநாள் கேள்விகள் வருகின்றன. "பிளாஸ்டிக்தானே டாக்டர், இதுக்குப் போய் அரை மணி நேரமா?" "ரெண்டு வாரம்தானே லா, போடாமலே விட்டா என்ன?" "கழண்டு விழுந்துடுச்சு, என்னத்த வெச்சு ஒட்டுனீங்க?" மூன்றுக்கும் சேர்த்து இந்த மடல்.

போடாமல் விடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். கடைவாய்ப் பல்லுக்குப் பீங்கான் கேப் என்றால் கடிக்கும் மேல்பக்கத்தில் 1.5 முதல் 2 மில்லிமீட்டரும், சுற்றுப் பக்கங்களில் 1 முதல் 1.5 மில்லிமீட்டரும் சீவுகிறோம். எனாமல் போய் உள்ளிருக்கும் டென்டின் வெளியே வந்துவிடும். அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் பல்லாயிரம் நுண்குழாய்கள், எல்லாம் நரம்பை நோக்கி. ஐஸ் கச்சாங் ஒரு கரண்டி போதும், உச்சி வரை சுள்ளென்று ஏறும். இது பலருக்கும் தெரியும். பல் நகரும் என்பதுதான் தெரிவதில்லை. சீவிய பல்லின் மேல் எதுவும் இல்லாவிட்டால் எதிர்வரிசைப் பல் அந்த இடைவெளியை நோக்கி மெல்ல வளர்ந்து வரும். பக்கத்துப் பற்கள் சாயும். லேபில் செய்யும் கேப், அச்செடுத்த நாளின் வாயை நம்பிச் செய்வது. அது வந்து சேரும்போது வாய் மாறியிருந்தால் புதுக் கேப்பின் தலையைத் தேய்த்துத்தான் உள்ளே நுழைக்க வேண்டும், அல்லது மறுபடி அச்செடுக்க வேண்டும். ரூட் கெனால் செய்த, அதாவது நரம்பை எடுத்துவிட்ட பல்லில் கூச்சம் வராது என்பதால் "வலிக்கலையே" என்று தற்காலிகக் கேப் இல்லாமலே சிலர் சுற்றுவார்கள். நகர்வதற்கு நரம்பு தேவையில்லை. அந்தப் பல் நடுவில் பிளந்துபோகும் ஆபத்தும் கூடுதல்.

இனி அந்த அரை மணி நேரம். தற்காலிகக் கேப்பின் வெளி வடிவத்தை, பல்லைச் சீவுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறோம். மரப்பு ஏறக் காத்திருக்கையில் வாயில் ஒரு தட்டை வைத்து அழுத்துகிறோமே, அது இதற்குத்தான். அதில் இருப்பது மாவுபோலப் பிசையும் சிலிகான், அல்லது தண்ணீரில் குழைக்கும் அல்ஜினேட். அல்ஜினேட் மலிவு; ஆனால் காற்றில் கிடந்தால் நீர் வற்றிச் சுருங்கிவிடும். சிலிகான் அச்சு வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அதனால் கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள் சிலிகானையே எடுத்து, உங்கள் பெயர் எழுதி, நிரந்தரக் கேப் ஒட்டும் நாள்வரை வைத்திருக்கிறோம். நடுவில் கேப் உடைந்தாலோ தொலைந்தாலோ அதிலேயே இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம். பல் உடைந்த நிலையில் வந்திருந்தால் உடைந்த பகுதியை நிரப்பி உருவம் கொடுத்த பிறகுதான் இந்த அச்சு. ஓட்டைப் பல்லை அச்செடுத்தால் ஓட்டைக் கேப்தான் வரும்.

சீவி முடித்து லேபுக்கான அச்சையும் எடுத்த பிறகு, முதலில் எடுத்த அச்சுக்குள் பிஸ்-அக்ரில் என்னும் பிசினை நிரப்புகிறோம். துப்பாக்கிபோல ஒரு கருவி, அதில் இரட்டைக் குழல். பல தயாரிப்புகளில் ஒரு பக்கம் பத்துப் பங்கு, மறுபக்கம் ஒரு பங்கு. இரண்டும் முனைக் குழாய்க்குள்ளேயே கலந்து வெளியே வரும். முதலில் வரும் பட்டாணியளவு பிசினை வெளியே தள்ளிவிட வேண்டும். அதில் கலவை சரிவர இருக்காது, அது இறுகவும் இறுகாது. பிறகு முனையை அச்சின் அடிக்குழியில் ஊன்றி, பிசினுக்குள் மூழ்கியபடியே மேலே கொண்டுவர வேண்டும். விட்டு விட்டுப் பீய்ச்சினால் காற்றுக் குமிழி மாட்டும். அது கடிக்கும் மேட்டில் மாட்டினால் மூன்றாம் நாள் அங்கேதான் கேப் உடையும்.

அச்சை வாயில் வைத்து ஒன்றரை முதல் மூன்று நிமிடத்துக்குள், தயாரிப்பைப் பொறுத்து, பிசின் ரப்பர் பதத்துக்கு வரும். வேலையின் சூட்சுமம் முழுக்க இந்தப் பதத்தில்தான். ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிசினைக் கூர்முனையால் குத்திக்கொண்டே இருப்போம். குழி விழுந்து குழியாகவே நின்றால் இன்னும் ஆகவில்லை. விழுந்த குழி மெல்ல எழும்பி வந்தால் உடனே கழற்ற வேண்டும். அதற்கு முன் எடுத்தால் கேப் இழுபட்டுக் கோணும். பிந்தினால் பக்கத்துப் பல்லின் அடிச்சரிவில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெக்கையில் பிசின் சீக்கிரம் இறுகும். நம் ஊர் வெயிலில் குழல்களைக் குளிர்சாதன அறைக்கு வெளியே வைத்திருந்தால், அட்டையில் அச்சிட்ட நேரத்தை நம்பவே முடியாது. சர்க்கரைப் பாகைக் கடிகாரம் பார்த்து யாரும் இறக்குவதில்லை, அப்படித்தான் இதுவும்.

பொடியும் திரவமும் குழைத்துச் செய்யும் பழைய அக்ரிலிக் முறையும் இருக்கிறது. வாடை தூக்கும், இறுகும்போது சுடும், அதிகம் சுருங்கும். ஆனால் சுலபத்தில் உடையாது, உடைந்தாலும் ஒட்டுப் போடலாம். மூன்று நான்கு பற்களை ஒரே துண்டாகச் சேர்த்துச் செய்யும் பிரிட்ஜுக்கு இன்றும் அதுவே மேல் என்பது எங்கள் கணிப்பு. முன்பற்களுக்குச் சில சமயம் பாலிகார்பனேட் கூடு: அளவு பார்த்து எடுத்து, கழுத்தை வெட்டி, உள்ளே அக்ரிலிக் நிரப்பிப் பொருத்துவது. அவ்வளவுதான்.

கழற்றிய கேப்பின் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருக்கும். காற்றுப்பட்ட இடத்தில் பிசின் முழுதாக இறுகாததால் வருவது அது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும். அதிக நேரம் பிடிப்பது ஓரம். கேப்பின் ஓரம் சீவிய கோட்டுக்கு எட்டாமல் நின்றால் அந்த இடைவெளியில் கூச்சம் வரும், பசையும் கரையும். கோட்டைத் தாண்டி நீண்டால் ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசியும். இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். நிரந்தரக் கேப் ஒட்டும் நாளில் ஓரத்தில் ரத்தம் கசிந்தால் நல்ல பசையும் சரியாகப் பிடிக்காது; தற்காலிகத்தில் விட்ட பிழை நிரந்தரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் சின்னச் சக்கரத்தால் தேய்ப்பதும், பல்லில் மாட்டிப் பார்ப்பதும், ஓரம் குறைந்த இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய பிசின் வைத்து விளக்கொளி காட்டுவதுமாக நேரம் போகிறது.

பிறகு பல் நூலை நுழைத்துப் பார்ப்போம். 'டக்'கென்று ஒரு சின்னத் தடையோடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் நாசி கண்டாரின் இறைச்சி நார் முழுதும் அந்தச் சந்தில்தான் தங்கும். கடைசியாக நீலத்தாளைக் கடிக்கச் சொல்வது, கேப் உயரமாக இருக்கிறதா என்று பார்க்க. அந்தத் தாளின் தடிமன் 40 மைக்ரான் அளவு, தலைமுடியைவிட மெல்லியது. அவ்வளவு உயரமும் கடிக்கையில் கல்போலத் தெரியும், மரப்பு இறங்கிய பிறகு. இங்கே ஒரு சங்கடம். கீழ்த்தாடையில் போட்ட ஊசி இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை மரப்பில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதை நாங்களே அரைகுறையாகத்தான் நம்புகிறோம். வீட்டுக்குப் போய் உணர்வு திரும்பியதும் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு கடிபடுகிறதென்றால் அன்றே புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்புங்கள். தேய்த்துவிட ஐந்து நிமிடம் போதும். "பழகிடும்" என்று ஒரு வாரம் கடித்தால் பல்லைச் சுற்றிய தசைநார் வீங்கி, நல்ல பல்லுக்கும் ரூட் கெனால் தேவையோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

இப்போது ஒட்டும் பசை. கழன்று விழுந்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: கெட்டியான பசை இல்லையா? இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு வாரம் கழித்துக் கேப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைக்கும்போது சீவிய பல்லும் கீறுபடலாம். ஆகவே வேண்டுமென்றே பலம் குறைந்த துத்தநாக ஆக்சைடு பசையைப் பயன்படுத்துகிறோம். இரண்டு குழாயிலிருந்தும் சம நீளம் பிதுக்கி, அரை நிமிடம் குழைத்து, கேப்பின் உள்ஓரத்தில் மட்டும் வளையமாகத் தடவுவது. உள்ளே நிறைத்தால் கேப் முழுதாக இறங்காது. கிராம்பு வாசனை வரும் யூஜெனால் கலந்த வகை பல்லுக்கு இதம்தான், ஆனால் பின்னால் ரெசின் பசையால் நிரந்தரக் கேப்பை ஒட்டும்போது அதை இறுகவிடாமல் கெடுக்கும். ஆகவே யூஜெனால் இல்லாத வகை. உயரமான, பிடிமானமுள்ள பல்லாக இருந்தால் பசையில் கொஞ்சம் வாசலீனும் கலப்போம், இன்னும் இலகுவாகக் கழல. குட்டையான பல்லுக்கு எதிர்ப் பிரச்சினை. சீவிய பிறகு கடைவாய்ப் பல்லின் சுவர் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எந்தக் கேப்பும் பிடித்து நிற்கச் சிரமப்படும். திரும்பத் திரும்பக் கழல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பற்களில்தான், அதில் உங்கள் தவறும் இல்லை, பசையின் தவறும் இல்லை. ஒட்டி முடித்ததும் ஈறுக்கடியில் தங்கிய பசைத் துணுக்கை நூலில் முடிச்சுப் போட்டு இழுத்து எடுக்கிறோம். உறுத்தல் மூன்று நாளுக்கு மேல் இருந்தால் துணுக்கு ஏதோ மிஞ்சியிருக்கிறது, வந்து காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் ஒரு மணி நேரம் எதையும் மெல்ல வேண்டாம். மரப்பு இறங்கும்வரை சூடாகவும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது; மெல்லப் போனால் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். பிறகு மறுபக்கம் மெல்லுங்கள். டோடோல், மிட்டாய், சூயிங்கம், ஜாதிக்காய் ஊறல் எல்லாம் கேப்பைப் பிடித்து இழுக்கும். முறுக்கு, வறுத்த கச்சான், ஐஸ் கட்டி உடைக்கும். மஞ்சள் கறி கேப்பில் சாயம் ஏற்றும், தே தாரிக்கும் ஏற்றும். முன்பல் என்றால் இந்த இரண்டு வாரம் குழம்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்; கடைவாய் என்றால் கவலை வேண்டாம், எப்படியும் தூக்கி எறியப் போகிற கேப். பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். பயந்து அந்த இடத்தை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் ஈறு வீங்குகிறது. நூல் போடும்போது மேலே இழுக்காமல், பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

குளிர்ச்சிக்குக் கூச்சம் சில நாள் இருக்கலாம், நாளுக்கு நாள் குறைய வேண்டும். சூடு பட்டு வலி நெடுநேரம் நீடித்தாலோ, இரவில் தானாகவே விண்விண் என்று தெறித்தாலோ நரம்பைப் பார்க்க வேண்டும். குறித்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

கேப் கழன்றால் அதைக் கழுவி, கண்ணாடி முன் நின்று மெதுவாகப் பொருத்திப் பாருங்கள். ஒரு வழியில்தான் உட்காரும். ஃபார்மசியில் கிடைக்கும் தற்காலிகப் பல் பசையோ, பல்செட் பசையோ கொஞ்சம் வைத்து அழுத்தினால் மறுநாள்வரை ஓடும். ஆட்டம் கண்டால் தூங்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள், விழுங்குவதைவிட மூச்சுக்குழாயில் போவது மோசம். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். ஈறைப் புண்ணாக்கும், கோணலாக ஒட்டிய கேப்பை எடுக்கும்போது பல்லும் சேர்ந்து உடையும். இணையக் கடைகளில் விற்கும், வெந்நீரில் இளக்கி நீங்களே பல் செய்துகொள்ளும் மணிகளும் வேண்டாம். பதம் தப்பினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னோம். இறுகி மாட்டிக்கொண்டால் கழற்ற எங்களிடம்தான் வர வேண்டும்.

தேதி பற்றி ஒன்று. தற்காலிகக் கேப் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு உரியது. அதற்கு மேல் பசை எச்சிலில் கரைந்து, கேப் விழாமலே உள்ளே சொத்தை பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போவதால் தள்ளிப்போகும் என்றால் முன்பே சொல்லுங்கள், கழற்றிப் புதுப் பசை வைத்துத் தருகிறோம். மாதக்கணக்கில் என்றால் இயந்திரத்தில் கடைந்த அக்ரிலிக் கேப் போடலாம். தீபாவளிக்குக் கேப் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் வாருங்கள், கடைசி வாரத்தில் லேப் நெரிசல். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து, கன்னத்திலோ நாக்கிலோ அலகு குத்திக்கொள்பவர்கள் அந்தச் சமயத்தில் தற்காலிகக் கேப்போடு இருக்க வேண்டாம். வேல் அழுத்துவது நேரே பல்வரிசையில்தான். முன்பே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது நேர்த்திக்கடன் முடிந்த பிறகு தொடங்குவோம்.

குறித்த காலத்துக்குள் கழன்ற கேப்பை மறுபடி ஒட்டக் கட்டணம் இல்லை. வரும்போது கேப்பையும் கொண்டுவாருங்கள். டிஷ்யூவில் சுற்றி வைக்காதீர்கள், குப்பையோடு போய்விடும். மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கிளினிக் குழுவினர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு