ஏழூருக்கு வந்துட்டுப் போ பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதா சொல்லு. உளுந்து பிடுங்கி அடிச்சு மூட்டை கட்டியாச்சு, மேட்டூர் திறக்குற வரைக்கும் வயல்ல பெருசா வேலை இல்ல. போன்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல உனக்கு ஆபீஸ் கால் வந்துடுது, அதான் உட்கார்ந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

சித்திரை விசாகத்துக்கு நம்ம ஏழூர் பல்லக்குத் திருவிழா வருது. இந்த வருஷம் பேரனைக் கூட்டிக்கிட்டு நீ கண்டிப்பா வரணும். போன தடவை அவன் போன்ல என்கிட்ட, தாத்தா உங்க ஊர்ல என்ன பெஸ்டிவல்னு கேட்டான், நான் சொன்னேன், ஆனா அது சொல்லிப் புரியவைக்கிற விஷயம் இல்லம்மா. திருவையாறுன்னா வெளியூர்க்காரங்களுக்கு தை மாசம் தியாகராஜர் ஆராதனை தான் தெரியும், டிவியில காட்டுறாங்க, நல்லது தான். ஆனா நம்ம சனங்களோட திருவிழா இது தான். கும்பகோணத்துலயும் மயிலாடுதுறையிலயும் கூட ஏழூர் உண்டு, இருந்தாலும் நம்மளுது மாதிரி வராது, இதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

அவனுக்கு நீ கதையைச் சொல்லிக் கூட்டிட்டு வா. திருவையாத்து சாமி ஐயாறப்பர் தன் பிள்ளையா வளர்த்த நந்திக்கு பங்குனியில திருமழபாடியில சுயசாம்பிகையோட கல்யாணம், நந்தி கல்யாணம் பார்த்தா முந்திக் கல்யாணம்னு உன்னையும் அம்மா ஒரு வருஷம் கொள்ளிடம் தாண்டி கூட்டிட்டுப் போனாளே, அதே கல்யாணம் தான். அந்தக் கல்யாணத்துக்கு சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஒண்ணொண்ணு குடுத்துச்சு. திருப்பழனத்துலேருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலேருந்து சாப்பாடு, வேதிகுடியிலேருந்து வேதம் ஓதுறவங்க, நம்ம கண்டியூர்லேருந்து நகை, பூந்துருத்தியிலேருந்து பூ, தில்லைஸ்தானத்துலேருந்து நெய். தில்லைஸ்தானம் சாமி பேரே நெய்யாடியப்பர்னு அவனுக்குச் சொல்லு, சிரிப்பான். கல்யாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளை பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஐயாறப்பரே அந்த ஆறு ஊருக்கும் நேர்ல போறாரு, அவரும் அம்பாளும் கண்ணாடி பல்லக்குல, நந்தி சுயசாம்பிகை வெட்டிவேர் பல்லக்குல. ஒவ்வொரு ஊர் சாமியும் எல்லைக்கு வந்து எதிர்கொண்டு அழைச்சு, அப்புறம் தானும் பல்லக்கு ஏறி கூடவே கிளம்பிடும். ஆள் விட்டு சொல்லி அனுப்பாம சாமியே வாசல் வாசலா வருது பாரு, அது தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது. எனக்கு அங்க வந்து உன்னைக் கூப்பிட முடியல, முட்டி வலி, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பல்லக்கு நம்ம தெருவுக்குள்ள திரும்புறப்ப முதல்ல வெட்டிவேர் வாசனை தான் வரும், தண்ணி தெளிச்சுக்கிட்டே வருவாங்க, வெயில் ஏற ஏற வாசனையும் ஏறும். தூக்குறவங்க தோளைப் பார்த்திருக்கியா, துண்டை நாலா மடிச்சுப் போட்டிருந்தாலும் கட்டை அழுத்தின இடம் காய்ச்சுப் போய் கருத்திருக்கும், தோள் மாத்துறப்ப ஒரு சத்தம் குடுப்பாங்க, பல்லக்கு ஒரு இஞ்ச் கூட சாயாது. அந்த பூந்துருத்தியில தான் அப்பர் சாமி, அந்த வயசுல, யாருக்கும் தெரியாம சம்பந்தரோட பல்லக்கைத் தூக்கினாருன்னு பெரியபுராணத்துல வருது. அப்பரே தூக்கின ஊர் வழியா நம்ம பையனுங்க பல்லக்கு தூக்கிட்டுப் போறாங்க, அதை நினைச்சா எனக்கு ஒவ்வொரு வருஷமும் கண்ணு கலங்கும்.

அம்மா பானகமும் நீர்மோரும் போட்டு திண்ணையில வச்சிடுவா, விசிறி வாங்கி அடுக்கிடுவா. ஆறு காய்ஞ்சு கிடக்குறதால தான் மணல்ல இறங்கிப் போக முடியுது, வயல்ல வேலை இல்லாததால தான் சனமும் கூடவே நடக்குது, யோசிச்சுத் தான் சித்திரையில வச்சிருக்காங்க பெரியவங்க. பௌர்ணமியை ஒட்டி வர்றதால ராத்திரி தில்லைஸ்தானத்துல காவிரி மணல் முழுக்க நிலா வெளிச்சம், வாணவேடிக்கை, எங்க பார்த்தாலும் சனம். மறுநாள் ஏழு பல்லக்கும் திருவையாத்துல ஒண்ணா நிக்கும், தேரடியில பொம்மை இறங்கி வந்து பல்லக்குக்கு பல்லக்கு பூப்போடும். பேரனைத் தோள்ல வச்சுக்கிட்டு காட்டணும்னு ஆசை. முட்டி வலின்னாலும் அதுக்கு மட்டும் நான் நிப்பேன்.

நடக்குற ஆளுங்க முன்ன மாதிரி இல்லம்மா, பாதி பேர் பைக்ல வந்து ஒரு ஊர்ல பார்த்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுறாங்க. அவங்களை நான் குறை சொல்லல, லீவு கிடைக்கணுமே. ஆனா நீ வந்தா பழனத்துலேருந்து சோற்றுத்துறை வரைக்குமாவது அவனை நடக்க வை, செருப்பில்லாம. வழியில எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் தண்ணி குடுப்பாங்க சோறு போடுவாங்க, யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க, சிங்கப்பூர்ல வளர்ற பிள்ளைக்கு அது தெரியணும்.

அவனுக்கு காட்டன் சட்டையா எடுத்து வை, ஜீன்ஸெல்லாம் இந்த வெயிலுக்கு ஆகாது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லன்னா பரவாயில்ல, நீங்க ரெண்டு பேர் மட்டும் வாங்க. அசோகா அல்வா நீ வந்ததும் வாங்கிக்கலாம், முன்னாடியே வாங்கினா அம்மா தீத்துடுவா. டிக்கெட் போட்டதும் மெசேஜ் போடு, திருச்சி ஏர்போர்ட்டுக்கு கார் சொல்லணும், விழா நேரத்துல கடைசியில கேட்டா வண்டி கிடைக்காது.

அப்பா