தகப்பன்மாருக்காகவும் எழுதுங்கள், அக்கா

அன்பின் அக்கா,

மகளைப் பறிகொடுத்த பிறகு தாதி வேலையை விட்டதையும், உளவளத்துணை (கவுன்சலிங்) படித்ததையும் நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் என் மனைவி உங்களிடம் வந்தாள். எங்கள் மகன் தவறியதிலிருந்து வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவள் அழுவாளாம். நீங்களோ முதல் நாளே, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டீர்கள். அவன் செய்த குழப்படிகளை எல்லாம் சொல்லவைத்தீர்கள். அன்றிரவு அவள் வயிறாறச் சாப்பிட்டாள்.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பெரியவர்கள் செத்தால் எட்டுச் செலவு என்ற படையல், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை, கீரிமலைக் கடற்கரைக்குப் போவது, ஆண்டுத் திவசம் என்று அழுவதற்கும் கூடுவதற்கும் நாட்கள் இருக்கின்றன. சின்னப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. "இன்னொன்று பெறலாம்தானே" என்பார்கள். படித்தவர்கள் என்றால் குப்ளர் ரோஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் சொன்ன, மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்வதில் முடிகிற ஐந்து படிநிலைகளை எடுத்துவந்து, இன்னுமா ஏற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள். அவர் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. பிள்ளையை இழந்தவர்கள் படிப்படியாக ஏறிக் கடக்க வேண்டிய ஏணி அல்ல அது. இதை நீங்கள் இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும்.

சரி, நான் எழுதவந்த விசயம் தகப்பன்மாரைப் பற்றியது.

செத்தவீட்டில் பெண்கள் தாயைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். தகப்பன் பந்தல்காரனுக்குக் காசு கொடுக்கிறான், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போனதா என்று பார்க்கிறான். படலையடியில் அவன் கையைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நீதான் அவளைப் பார்க்க வேணும்." அவனை யார் பார்ப்பது? எட்டு முடிய வேலைக்குப் போய்விடுகிறான். சிலர் பின்னேரங்களில் குடிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு ஊர் அந்தக் குடியைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறது.

உங்களிடம் பேச வேலைநாள் காலையில், பெண்கள் நிறைந்த வரிசையில் வந்து உட்கார எங்கள் ஆம்பிளைகள் கூச்சப்படுவார்கள். அதைக் குறையாக நினைக்காமல், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் அவர்களுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அடுத்த கட்டுரையைத் தகப்பன்மாருக்காக எழுதுங்கள். என் கதையையும் அதில் எழுதலாம், மகனின் பெயரோடேயே எழுதுங்கள்.

நீங்கள் கூப்பிட்டால் நான் வருவேன். என்னோடு வேலை செய்கிற ஒருவரையும் கூட்டிவருவேன். அவரும் மகளைப் பறிகொடுத்தவர்.

அன்புடன்,
ஒரு தகப்பன்