பாசம் மகளுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகிஸ்தானில் சுட்டுக்கொல்லப்பட்ட அரசியல்வாதி முர்தாசா பூட்டோவைப் பற்றி அவருடைய மகள் ஃபாத்திமா பூட்டோ எழுதிய நினைவு நூலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். "அப்பா செல்லம் எழுதியது, வரலாறாகாது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் உங்கள் மதிப்புரையாளர்.

சரி, செல்லம்தான். முர்தாசாவின் இயக்கத்தின் மேல் பழி விழுந்த 1981 விமானக் கடத்தல் விஷயத்தில் அப்பாவிடம் அவர் காட்டும் தாராளம் எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் 1988இல் முர்தாசாவின் அக்கா பெனசீர் எழுதிய சுயசரிதையும் தூக்கிலிடப்பட்ட அப்பாவைப் பற்றி ஒரு மகள் எழுதியதுதானே? அதை நீங்கள் பக்கம் பக்கமாகக் கொண்டாடினீர்கள். பிரதமராகிவிட்டால் பாசம் வரலாறாகிவிடும் போல.

1996 செப்டம்பர் 20 இரவு கராச்சியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே முர்தாசாவைப் போலீஸ் சுட்டது. அப்போது நாட்டின் பிரதமர் அவருடைய சொந்த அக்கா பெனசீர். 14 வயது ஃபாத்திமா, தம்பியை ஜன்னலில்லாத அறையில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அத்தைக்குப் போன் போடுகிறாள். பேசியது அத்தையின் கணவர். அப்பா சுடப்பட்டது அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. வழக்கில் சிக்கிய போலீஸார் 2009இல் விடுதலையானார்கள். அந்த மகளும் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஊராட்சித் தேர்தல் தகராறில் என் அப்பாவை வெட்டியபோது எனக்கு 11 வயது. திண்ணையில் இருந்தேன், பார்த்தேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், "சின்னப் பொண்ணு, அப்பா மேல் பாசம், ஏதோ சொல்லுது" என்றார். வெட்டியவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். 50 வருடம் கழித்து அதே வாக்கியத்தைக் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகையில் படிக்கிறேன். மதிப்புரையாளரும் சட்டம் படித்தவரோ?

உங்களிடம் இது புதிதும் இல்லை. போன தீபாவளி மலரில் ஒரு பெண் எழுத்தாளரிடம் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் சமையல் யார்?" அதற்கு நான் எழுதிய கடிதம் உங்கள் மேசையில் எங்கேயாவது பத்திரமாக இருக்கும்.

முர்தாசா "ஜியா ஆட்சியில்" கொல்லப்பட்டதாக அந்த மதிப்புரையில் அச்சாகியிருக்கிறது. ராணுவ ஆட்சியாளர் ஜியா 1988லேயே விமான விபத்தில் இறந்துபோனது நீங்கள் அறியாததல்ல. அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள். ஜூன் மாத இதழும் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்