திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள்: அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு போன வாரம் உங்களில் ஒருவரிடம் வந்தாள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இப்படி வரும் பெண்கள் உங்களுக்குப் புதிதல்ல. காயத்தை நன்றாகவே பார்த்தீர்கள், தையலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நன்றி.

தையல் முடிந்ததும் மருத்துவர் கேட்டார்: "ஏம்மா இப்படிப் பண்ணினே? வீட்ல ஏதாவது பிரச்சினையா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கட்டிலுக்கு ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் பெரியப்பா. திரையைக்கூட இழுத்துவிடவில்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். அந்த "ஒண்ணுமில்ல" அப்படியே தாளில் ஏறியது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டீர்கள். போகிற போக்கில் ஒரு குரல்: "எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னுதான் இதெல்லாம்."

கவனிக்கப்பட விரும்புகிறவள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு ஏன் மறைக்கிறாள், ஐயா?

அந்த அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டுதான் நின்றார். பிரியமான அப்பாவிடமும் சொல்ல முடியாதவை உண்டு: சிறு வயதில் உறவுக்காரர் ஒருவர் செய்தது, வகுப்பில் நாள்தோறும் நடக்கும் கேலி, வேண்டாத கல்யாணப் பேச்சு, போனைப் பிடுங்கிப் பார்க்கும் காதலன். கோபம் வந்தால் பையன் கதவை உதைக்கிறான், வீடு பொறுத்துக்கொள்கிறது. பெண்ணுக்கு அதுவும் கிடையாது. கோபம் அவள்மேலேயே திரும்புகிறது. காயம் பட்டதும் மனக் கொந்தளிப்பு சற்று அடங்குகிறது. மரத்துப்போன சிலருக்கு ஏதோ ஓர் உணர்வாவது வருகிறது. சிலர் தங்களைத் தண்டித்துக்கொள்கிறார்கள். அந்த நிம்மதி உடனே கிடைப்பதாலும் நெடுநேரம் நிற்காததாலும்தான் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலரும் சாகும் எண்ணத்தில் இதைச் செய்வதில்லை என்பது உண்மை. ஆனால் ஒருமுறை தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை அபாயம் பல மடங்கு கூடுதல் என்பதும் உண்மை. அதனால்தான் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல்கள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் தந்த வழிகாட்டுதல், இப்படி வரும் ஒவ்வொருவரிடமும் மனநலம் தெரிந்த ஒருவர் அவரது மனநிலையையும் வாழ்க்கைச் சூழலையும் விரிவாகக் கேட்டறிய வேண்டும் என்கிறது. தற்கொலை பற்றிக் கேட்டால் புதிதாக அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

அக்டோபர் 10 வந்தால் மனநல நாள் பதாகை வாசலில் தொங்கும். "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யாரிடம், எங்கே, பெரியப்பா முன்னாலேயா? கல்லூரிகளும் சளைத்தவை அல்ல. விஷயம் தெரிந்தால் முதல் வேலை விடுதியைக் காலிசெய்யச் சொல்வது, அடுத்தது பெற்றோரிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்குவது. பேசுகிறவளுக்குக் கிடைக்கும் பரிசு இது.

சரி, கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன். கேட்பது ஒன்றுதான்: தனியாகக் கேளுங்கள். உறவினரை வெளியே உட்காரச் சொல்லுங்கள், திரையை மூடுங்கள், பயிற்சி பெற்ற ஒருவர் அவளருகில் அமரட்டும். அவள் அன்று பேசாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்கலாம் என்று எழுதி அவள் கையில் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் இது நடந்தாக வேண்டும் என்று உங்கள் பிரிவில் விதியாகவே எழுதிவைக்க முடியுமா? முடியாதென்றால், எதனால் முடியாது என்றாவது தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை